பில் உங்கள் பெயரில் வரட்டும், பட்டறை வேலூரிலேயே இருக்கட்டும்

கார் கம்பெனிகளின் விற்பனைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதை நம்பித்தான் தீபாவளிக்கு முன்னால் வேலூரில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது இன்சூரன்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் சேராத விலை, நீங்கள் அறிவித்தபடியே இருந்தது. அதற்குக் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, கோட்டிங் 6,000, இன்சூரன்ஸ் 36,000. அதே இன்சூரன்ஸ் வெளியில் 26,500. வெளியில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "அப்படின்னா டெலிவரி தீபாவளிக்கு அப்புறம்தான் சார்" என்றார் விற்பனைப் பையன். இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை, தெரியும். ஆனால் வீட்டில் அம்மா பூஜைக்கு நாள் பார்த்துவிட்டார். கையெழுத்துப் போட்டேன். அரசு விட்டுக்கொடுத்த வரியில் ஒரு பங்கு அந்தத் தாளிலேயே போய்விட்டது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. டீலருக்கு வண்டியை அனுப்பிய அன்றே நீங்கள் அதை விற்பனைக் கணக்கில் சேர்த்துவிடுகிறீர்கள். அது யார்டில் வெயிலில் நிற்கும் நாளெல்லாம் பேங்க் வட்டி கட்டுவது டீலர். அந்த வட்டியைத்தான் எங்களிடம் வசூலிக்கிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் கம்பெனி பெயரிலேயே பில் போடுகிறது. இருப்பில் உள்ள வண்டி கம்பெனியுடையது, விலை எல்லா ஊரிலும் ஒன்றே, டீலருக்குக் கமிஷன். அரைக்கோடிக்கு வண்டி எடுப்பவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஆறு லட்சத்துக்கு எடுப்பவருக்கு ஏன் இல்லை?

சரி, டீலரே வேண்டாம், டெஸ்லா போல நேராக விற்றுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு அது ஒத்துவராது. மார்கழியில் ஒரு ராத்திரி பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டில் அம்மா. போன் செய்து முக்கால் மணி நேரத்தில் சத்துவாச்சாரியிலிருந்து சர்வீஸ் சென்டர் மெக்கானிக் பைக்கில் வந்தார். என்னைச் செல்போன் வெளிச்சம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் பம்பின் ரிலேயைக் கழற்றி வேறொன்றைச் செருகினார். சாவியைத் திருப்பியதும் ஓடியது. "வூட்டுக்குப் போய் போன் பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவர் அந்த டீலரிடம்தான் சம்பளம் வாங்குகிறார். சென்னையிலோ பெங்களூரிலோ மட்டும் பட்டறை வைத்திருந்தால் அன்றைக்கு நாங்கள் ரோட்டிலேயே விடிய விடிய நின்றிருப்போம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆன்-ரோடு விலை, அதாவது எல்லாம் சேர்த்து நாங்கள் கட்டும் தொகை, முழுவதையும் நீங்களே எழுதி, நீங்களே பணம் வாங்கி, நீங்களே பில் கொடுங்கள். டீலருக்கு டெலிவரிக்கும் சர்வீஸுக்கும் கட்டுப்படியாகும் கமிஷன் கொடுங்கள். இன்சூரன்ஸ் வெளியில் போட்டவருக்கு டெலிவரியைத் தள்ளக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

அடுத்த தை மாதம் என் தங்கை ராணிப்பேட்டையில் கார் எடுக்கப் போகிறாள். குறைந்தபட்சம் அந்தக் கடைசி உத்தரவாவது அதற்குள் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்