காண்டாவன வெயிலும் பழைய கசெற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1996 மே மாதம் வெளிவந்த 'அஷ்' றொக் குழுவின் '1977' இன்றைக்கும் வெயில் மணக்கும் இசைத்தொகுப்பு. வட அயர்லாந்துப் பெடியள் மூவர். பாடகர் ரிம் வீலருக்கு அப்போது 19 வயது. தலைப்பு, அவர் பிறந்த ஆண்டு. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம். கிற்றார் இரைச்சலுக்கு அடியில் முணுமுணுக்க ஒரு மெட்டு இருக்கும், அதுதான் பலம். (சத்தத்தை மட்டும் கூட்டும் நம்மூர்க் குழுக்கள் கவனிக்க.)

வன்னியில் அந்தக் காலத்துக் கசெற் வைத்திருப்போர் எடுத்தவுடன் போட்டுவிடாதீர்கள். காண்டாவன வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழ் கிடந்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும். பென்சிலால் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, பிறகு ஒருதரம் முழுதாக முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். நாடாவை ஹெட்டோடு (பிளேயரில் நாடாவைப் படிக்கும் தலை) அழுத்தும், கசெற்றுக்குள் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் பாட்டு மூக்கடைத்ததுபோலக் கேட்கும். கசெற்றின் ஐந்து திருகாணியையும் கழற்றி மாற்றவேண்டியதுதான். திருகாணி இல்லாத, ஒட்டிய கசெற் என்றால் நாடாவையே வேறு கூட்டுக்குள் மாற்றுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். நாடாவை இழுக்கும் றப்பர் உருளைக்கு அது கூடாது, காய்ந்து வெடித்துவிடும்; ஈரத்துணி போதும்.

ஸ்பீக்கருக்கு மேல் அடுக்கி வைக்காதீர்கள். காந்தம் பாட்டைத் தின்றுவிடும்.

இசை நண்பர்கள்,
கிளிநொச்சி