செயலாளர் ஆண்டறிக்கை: கொடுமுடிக் குரலும் தகடூர் ஔவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தருமபுரியில் இயங்கும் நமது நாடக, இசை ரசிகர் மன்றத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை நாடக, திரைப்பட நடிகையும் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாளுக்கே ஒதுக்கியது ஏன் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதியமான் நெல்லிக்கனி கொடுத்த மண் இது. 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று ஔவை புறநானூற்றில் பாடியது, தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அந்த நம் மன்னனைத்தான். அந்த ஔவை எப்படி இருப்பார் என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சுந்தராம்பாளின் முகத்தைத்தான் சொல்வார்கள். 1953இல் ஜெமினி தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' படம் அப்படிப் பதிந்துவிட்டது. வெவ்வேறு காலத்து ஔவைகளை அந்தப் படம் ஒருவராக்கிவிட்டது என்று நம் தமிழாசிரிய உறுப்பினர் எடுத்துக்காட்டியது சரியே. தொண்டைமானிடம் தூது போன சங்க கால ஔவை வாள்நுதல் விறலி, அதாவது ஒளிரும் நெற்றியுடைய ஆடல் பாடல் மகள். படத்தில் வருபவர் முதிய பக்தை. ஆனாலும் அரசன் முன் தலை நிமிர்ந்து பேசும் அந்தத் துணிவு இருவருக்கும் பொது என்பது என் கருத்து. அதை நடிக்க ஒப்பனை மட்டும் போதாது.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை வேலு நாயர் நாடகக் குழு சேர்த்துக்கொண்டது. இலங்கை மேடையில் நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்தார், மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது இவருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலை. ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமிட்டு, சிவனடியார் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! காங்கிரஸ் மேடைகளில் பாடியதும், சட்ட மேலவை உறுப்பினராக இருந்ததும் பலர் அறிந்தவையே.

சுந்தராம்பாளின் இசைத்தட்டைக் கேட்ட மாலை நிகழ்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கிராமபோனைச் சாவி கொடுத்து, புது ஊசி மாட்டிச் சுழலவிட்டோம். தட்டில் ஒரு கீறல் இருந்ததால் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்டது. அதையும் மீறி அந்தக் குரல் கணீரென்று எழுந்தது. நம் தெருக்கூத்துக் கலைஞர் உடனே எழுந்து, "மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டப் பாடிய தொண்டை இது. இவ்வளவு மேலே போயும் ஒரு சொல்கூட உடையவில்லை, பாருங்கள்" என்றார். பாட்டை மீண்டும் வைத்துக் கேட்டோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

மாணவியருக்கான பாட்டுப் போட்டியில் பெரும்பாலோர் 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சுந்தராம்பாள் பாடிய பாட்டையே தேர்ந்தார்கள். அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த 'துணைவன்' படப் பாடல்களை யாரும் தொடவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். அடுத்த ஆண்டு அவற்றையும் பயிற்றுவிக்க வேண்டும்.

கொடுமுடிக்கு ஒருநாள் பயணமும், இசைத்தட்டுகளை வைக்க ஒரு மர அலமாரியும் அடுத்த ஆண்டுக்கான தீர்மானங்கள். அலமாரிக்கு நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்