எலிசா பங்கு கேட்கவில்லை

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

தோத்திரம். குடும்ப வரவு செலவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நீதிமொழிகளின் எறும்பு வருகிறது, யோசேப்பின் களஞ்சியம் வருகிறது, வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கிற தசமபாகத்துக்கு முழுதாக ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. கடனுக்கு நான்கே வரி. அதிலும் ஜெபித்தால் வழி திறக்கும் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த நான்கு வரியில் விடுபட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் சபையில் 9 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் நானே கடனாளி. சபைக் கணக்கில் ஒரு காசு பிசகாது. வீட்டுக் கணக்கை எழுதினதே இல்லை.

காணிக்கைக் கவர்களைப் பிரித்து எண்ணுகிறவன், பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. நானும் சொன்னதில்லை. ஆனால் கண்ணில் பட்டதை மறக்க முடியுமா? மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் தசமபாகக் கவர் போடுகிற ஒருவர், அதே வாரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கைமாற்று கேட்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ‘விசுவாசத்தில் எழுதுங்கள்’ என்று பொருத்தனை அட்டையை, அதாவது இவ்வளவு காணிக்கை தருவேன் என்று வாக்கு எழுதிக்கொடுக்கிற அட்டையை, நீட்டினார்கள். பாட்டுச் சத்தத்தில், கண்ணீரில், சம்பளத்துக்கு மிஞ்சின தொகையை எழுதிவிட்டேன். தவணை வந்தபோது கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்துக் கட்டினேன். அடுத்த தவணைக்கும் அதே வழிதான். ஸ்டேட்மென்ட் ஒருநாள் மனைவி கையில் கிடைத்தது. சத்தம் போடவில்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “யாரோட பணத்தை நீங்க ஆண்டவருக்குக் கொடுக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

கார்டின் கணக்கை ஒருமுறையாவது பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும். கடன் 100, மாத வட்டி 3 விழுக்காடு, ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை’ பாக்கியில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டியோடு 103 ஆகிறது, 5.15 கட்டுகிறோம், பாக்கி 97.85. கட்டினதில் அசலுக்குப் போனது வெறும் 2.15. இப்படியே 12 மாதம் ஒழுங்காகக் கட்டினால், கையை விட்டுப் போனது 55, இன்னும் நிற்பது 77! மாறாக, மாதம் 10 என்று பிடிவாதமாகக் கட்டினால் அதே 12 மாதத்தில் 1 கூடப் பாக்கி நிற்காது. இடையில் புதிதாக எதையும் தேய்க்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். “கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை” என்ற நீதிமொழிகள் 22:7-ஐ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த 77-ஐப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பிரசங்கங்களில் இரண்டு விதவைகள் அடிக்கடி வருவார்கள். ஒருத்தி சாறிபாத் ஊர் விதவை; கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை செய்து கொடுத்தவள். இன்னொருத்தி காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டவள். இரண்டு பேர் வாசலிலும் கடன்காரன் நின்றதாக வேதத்தில் இல்லை. மூன்றாவது விதவை ஒருத்தி உண்டு, 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில். புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் இருந்தவன். அவன் செத்தபின் கடன் கொடுத்தவன் வந்து இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவளிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இருக்கிறதை எண்ணிப் பார்க்கச் சொல்கிற அந்தக் கேள்வியே என்னைப் பொறுத்தவரை ஒரு பட்ஜெட்தான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு வார்க்கச் சொன்னார். அற்புதம் முடிந்ததும் அவர் சொன்ன வரிசை இதுதான்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். தமக்கென்று ஒரு பங்கு அவர் கேட்கவில்லை. இந்த அதிகாரத்தைக் காணிக்கை நேரத்தில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. (இரண்டு காசு விதவைக்கு முந்தின வசனம் மாற்கு 12:40, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியது. அதையும் சேர்த்து வாசித்தால் நல்லது.)

கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுக்கிற மனது ஒருமுறை காய்ந்துபோனால் கடன் தீர்ந்த பிறகும் திரும்பி வருவது கஷ்டம். ஆனால் 2 கொரிந்தியர் 8:12 அளவைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவனுக்கு “இல்லாததின்படியல்ல”, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். கார்டில் எடுத்தது எனக்கு உள்ளதா, இல்லாததா? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது மாற்கு 7-இல் இருக்கிறது. காணிக்கை என்ற பெயர் இருந்தாலே மற்றக் கடமைகள் தள்ளுபடியாகிவிடாது என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். கடன் வாங்குவதே பாவம் என்று முழங்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. சங்கீதம் 37:21 துன்மார்க்கன் என்று சொல்வது, வாங்கிச் செலுத்தாமல் போகிறவனை.

ஜாமீன் கையெழுத்தைக் கட்டுரை தொடவே இல்லை. சபைக்குள் இது சகோதர அன்பு என்ற பெயரில் நடக்கிறது. மறுத்தால் விசுவாசக் குறைவு. நீதிமொழிகள் 22:26, 27 பிணைப்படாதே என்று சொல்லி நிறுத்தவில்லை. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வானே என்று காரணமும் சொல்கிறது. கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடலாம். கையெழுத்து வேறு.

நான் மீண்டது அற்புதத்தால் அல்ல. எல்லாக் கடனையும் ஒரே தாளில், மனைவிக்கு முன்னால், எழுதினேன். அதில் இரண்டு அவளுக்கு அதுவரை தெரியாதவை. அவற்றை எழுதும்போது பேனா நகரவில்லை. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தோம். பொருத்தனையில் பாக்கி இருந்ததைப் போதகரிடம் நேரில் போய்ச் சொன்னேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “கடனை முடிங்க பிரதர்” என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதம் நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. 31 மாதத்தில் முடிந்தது.

எல்லாரும் அப்படிப்பட்ட போதகரிடம் இருப்பதில்லை என்பதால் உங்கள் பத்திரிகையிடம் இரண்டு கேட்கிறேன். சாட்சிப் பக்கத்தில் ‘விதைத்தேன், பல மடங்கு வந்தது’ என்ற கடிதங்களோடு, கஷ்டப்பட்டு அசலும் வட்டியும் கட்டி முடித்தவர்களின் கடிதங்களும் வரட்டும். இன்னொன்று, உபாகமம் 14:28, 29-ஐப் பற்றி யாரையாவது எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம், ஆலய ஊழியக் கோத்திரத்தானாகிய லேவியனோடு பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது என்று அங்கே இருக்கிறது. நான் எழுதின 9 வருடக் கணக்குப் புத்தகங்களில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. நானும் அதைக் கமிட்டியில் கேட்டதில்லை.

ஆண்டுச் சந்தாவை அனுப்பிவிட்டேன். கார்டில் அல்ல.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம், மனைவி சம்மதித்துத்தான் எழுதுகிறேன்)