வானொலி தந்த பாட்டிக்கும் உடனிருந்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அம்மா வீடு திரும்பிவிட்டார். கடந்த சில மாதங்களில் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள் என்பதால், அதை மீண்டும் விவரிக்காமல் நன்றி கூற மட்டுமே எழுதுகிறேன்.

முதல் நன்றி, சமூக மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்த சீனப் பாட்டிக்கு உரியது. இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த அவருக்கும் பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த அம்மாவுக்கும் பொதுமொழி என்று ஒன்றும் இல்லை. பாட்டியின் சிறிய பேட்டரி வானொலியில் 95.8 மாண்டரின் நிலையம் மெல்லிய ஒலியில் பாடிக்கொண்டே இருக்கும். ஒரு மாலை அவர் திருகியபோது முள் சற்றுத் தள்ளிப்போய், சிங்கப்பூரின் தமிழ் நிலையமான ‘ஒலி 96.8’இல் நின்றது, இரண்டுக்கும் இடையே மயிரிழைத் தூரம்தானே. பழைய திரைப்பாடல் ஒன்று வந்தது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லக்கூட இயலாமல் தவித்த அம்மா, அதன் பல்லவியைச் சொல் பிசகாமல் பாடினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பாட்டி அன்று தம் நிலையத்துக்குத் திரும்பவே இல்லை. மறுநாள் முதல் வானொலி இரு கட்டில்களுக்கும் நடுவே வந்தது: காலையில் அவர் நிலையம், மாலையில் எங்கள் நிலையம். வீட்டுக்குக் கிளம்பிய அன்று அதை அம்மாவின் மேசையிலேயே விட்டுச் சென்றார். எந்த நேரத்தில் எந்தத் தாதி வந்தாலும் தேடக் கூடாதென்று, 96.8 இருக்கும் இடத்தில் சிவப்பு ஒட்டுநாடாவை மெல்லியதாக நறுக்கி ஒட்டியிருந்தார். இம்மடலை மாண்டரினில் எழுதித் தரச் சக ஊழியர் ஒருவர் இசைந்திருக்கிறார். தாதியர் வழியாக அது பாட்டியைச் சேரும்.

மூளையின் இடப்பக்கத்தில் பேச்சுக்குரிய பகுதி பழுதுபட்டாலும், பாடுவதற்கு இருபக்கமும் துணைநிற்பதால் பேச இயலாத சிலருக்குப் பாட இயல்கிறது என்று பேச்சு சிகிச்சையாளர் விளக்கினார். இதை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி முறையொன்றை 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்களாம். தமிழறியாத அவர், “தண்ணி வேணும்” என்பதை எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அசைக்கு ஒரு தட்டாக அம்மாவின் இடக்கையைத் தட்டியவாறே இராகமாகச் சொல்லவைத்த பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இயன்மருத்துவரோ அம்மாவின் நடைக்குக் காவடிச் சிந்தைத் துணைக்கு அழைத்தார். சீரான தாளம் கால்களுக்கு அடுத்த அடி எப்போது என்று முன்கூட்டியே உணர்த்துகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி ஊர்வலத்தில் பலமுறை நடந்த கால்கள் அவை. அந்தத் தாளத்தை அவற்றுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

சோறும் இரசமும் கொண்டுவந்த புளோக் அண்டைவீட்டார், வேலை நேரத்தை மாற்றித் தந்த என் மேலாளர், இரவில் காரோட்டிய நண்பர்கள், கோயில் தொண்டூழியர்கள், இன்று எங்களைவிட நன்றாகப் பல்லவி பாடும் எங்கள் பணிப்பெண் ஆகிய அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

இசை எல்லாவற்றையும் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மாலையானால் அம்மாவுக்கு இன்றும் சொற்கள் தடுமாறுகின்றன; சில சோகப் பாடல்களைப் பாதியில் நிறுத்தவேண்டியிருக்கிறது. ஆனால் பாட்டுக்குப் பின் அவர் உண்கிறார், உறங்குகிறார், எங்களைத் திட்டவும் தொடங்கியிருக்கிறார்.

ஆகவே இனிச் சனிக்கிழமைப் பிற்பகல்களில், முதியவர்கள் கூடிப் பழகும் இடமான, எங்கள் பேட்டையிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் அவர்களுடன் அமர்ந்து பாடுவதென முடிவு செய்துள்ளேன். இளமையில் கேட்ட பாடல்களே மனத்தில் நெடுநாள் தங்குவதால், வர விரும்புவோர் தங்கள் பெற்றோர் பதினைந்து, இருபது வயதில் எதைப் பாடித் திரிந்தார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். குரல்வளம் தேவையில்லை, எனக்கும் இல்லை.