உன் நட்சத்திரம்

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொன்னதாகப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. இரும்படித்து வளர்த்த பிள்ளைக்கு இரும்பு குறைகிறதே என்று.

நேற்று ராத்திரி பட்டறையைச் சாத்திவிட்டு வாசலில் நின்றேன். கிழக்கே உன் நட்சத்திரம் திருவாதிரை ஏறியிருந்தது. அது ஏன் சிவப்பு என்று சின்ன வயதில் கேட்பாய். உலையில் நீயே பார்த்ததுதான்: இரும்பு முதலில் சிவக்கும், துருத்தி ஊத ஊத மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். வானத்திலும் அதே கணக்கு. சூரியனின் மேல்பரப்பு சுமார் 5,500 டிகிரி, திருவாதிரை 3,300 பக்கம். ஆனால் உருவம் பெரிது. சூரியன் இருக்குமிடத்தில் வைத்தால் செவ்வாயையும் விழுங்கிவிடும்.

அதன் வயிற்றுக்குள் இருக்கிற கொதிப்பு வேறு. ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும். அது தீர்ந்தால் ஹீலியம் கரியாகவும் ஆக்சிஜனாகவும் ஆகும். அப்புறம் நியான், மக்னீசியம், சிலிக்கன், கடைசியில் இரும்பு. போகப் போக எரிபொருள் சீக்கிரம் தீரும். சூரியனைப் போல 25 மடங்கு கனமான நட்சத்திரத்துக்கு ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் வருஷம் வரும், சிலிக்கன் ஒரே நாள்தான்.

இரும்பு வந்ததும் உலை அணைந்த மாதிரி. இரும்பை இணைத்தால் சூடு பிறக்காது, இருக்கிற சூட்டையும் தின்னும். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் மையம் ஒரு நொடிக்குள் உள்ளே இடிந்துவிடும். அந்த அதிர்ச்சியில் மேலே உள்ளதெல்லாம் சிதறும்.

மையத்து இரும்பு வெளியே வருவதில்லை, கண்ணு. வெடிக்கிற சூட்டில் புதிதாக நிக்கல் உண்டாகும். ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட்டாகும். கோபால்ட்டில் பாதி இரும்பாக 77 நாள். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. பூமியின் தென்பாதியில் இருந்தவர்கள் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். மாதக்கணக்கில் அதன் வெளிச்சம் அந்த 77 நாள் கணக்குப்படியே மங்கியது. இரும்பு பிறப்பதை மனுஷன் பார்த்துவிட்டான் என்று படித்தபோது சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்படியும், வேறு வகை வெடிப்புகளிலும் பிறந்த இரும்புதான் மண்ணிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கிறது. கீரையை விடாதே. மாத்திரை போட்டதும் டீ குடிக்காதே, இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு என்று உடனே சொல். மார்கழித் திருவாதிரைக்கு அம்மா களி கிண்டுகிறாள், லீவு கிடைத்தால் வா.

அப்பா