எல்லா வண்டிக்கும் ஒரே கிலோமீட்டரா? வேலூர் வட்டார லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அவை எதுவும் நம் கையில் இல்லை. நம் கையிலேயே இருக்கும் ஒரு செலவைப் பற்றித்தான் இந்த மடல்: இன்ஜின் ஆயில்.

ஐந்து வண்டி வைத்திருப்பவர் ஐந்துக்கும் ஒரே கிலோமீட்டரில்தான் ஆயில் மாற்றுகிறார். அதில் ஒரு வண்டி சிப்காட்டில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் சீராக ஓடுகிறது. இன்னொன்று குவாரியில் ஜல்லி அடிக்கும் டிப்பர். நாள் முழுக்கத் தூசியில் நிற்கிறது, வரிசையில் நிற்கும்போதும் இன்ஜின் ஓடுகிறது, தொட்டியைத் தூக்கும்போதும் ஓடுகிறது. மீட்டரில் மட்டும் கிலோமீட்டர் ஏறுவதில்லை. இந்த இரண்டுக்கும் ஒரே கணக்கு என்றால், ஒன்றில் நல்ல ஆயிலைக் கீழே விடுகிறோம், மற்றொன்றில் கெட்ட ஆயிலை வைத்து ஓட்டுகிறோம்.

பட்டறையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவி, விரலில் தேய்த்துப் பார்த்து, 'கறுத்துப் போச்சு, மாத்திடலாம்' என்பார்கள். டீசல் இன்ஜினில் ஊற்றிய புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். புகைக்கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு கலந்து வைத்துக்கொள்வது அந்த ஆயிலின் வேலை. கறுப்பு என்றால் அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது விரலுக்குத் தெரியாது.

அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 100 மில்லி ஆயில் போதும். லாரிகளில் பரவலாக ஊற்றும் 15டபிள்யூ-40 ரக ஆயில் என்றால் 100 டிகிரி சூட்டில் அதன் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டும். கரி சேர்ந்தால் ஏறும், டீசல் தெளிக்கும் நாசில் ஒழுகி டீசல் கலந்தால் இறங்கும். அமிலத்தை முறிக்கும் சத்து எவ்வளவு மிச்சம் என்பதை டிபிஎன் என்ற எண் காட்டும். புது ஆயிலில் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியிருக்கும். அது பாதியாக இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்துதான் அமிலம் சேர்கிறது. பழைய மாசு விதியான பிஎஸ்-3 காலத்து டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ்-6 டீசலில் 10 பங்குதான். கந்தகம் குறைந்ததால் அமிலமும் குறைந்திருக்கிறது. பல பட்டறைகளில் மட்டும் கணக்கு அந்தக் காலத்தோடே நிற்கிறது.

இன்ஜினுக்குள் நடப்பதும் அதே அறிக்கையில் தெரியும். ஆயிலில் இரும்பு ஏறினால் பிஸ்டன் ஓடும் லைனர் தேய்கிறது, ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். (புது வண்டியில் ஆயில் கூலரிலிருந்தும் செம்பு கரையும், அதற்குப் பதற வேண்டாம்.) சோடியம், பொட்டாசியம் தென்பட்டால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலுக்குள் இறங்குகிறது. குவாரி வண்டிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது மண் தூசியில் இருக்கும் சிலிக்கான். சிலிக்கானோடு இரும்பும் ஏறினால், ஏர் ஃபில்டரையோ அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் கிளிப்பையோ தாண்டி மண் போகிறது. அப்போது ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஓட்டையை அடைக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு எடுக்க வேண்டும். ஆயிலை இறக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சுத்தமான, காய்ந்த பாட்டில் வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து அனுப்பினால் வரும் எண்களை நம்ப முடியாது. இன்ஜின் ஓடிய தூரம், இந்த ஆயில் ஓடிய தூரம், இடையில் டாப்-அப் செய்த அளவு, இந்த மூன்றும் பாட்டில் மேல் இருக்க வேண்டும்.

ஒரே அறிக்கையை வைத்து கிலோமீட்டரை இரட்டிப்பாக்கிவிடக் கூடாது. ஒரே வண்டியில் மூன்று நான்கு முறை எடுத்தால்தான் போக்கு புரியும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம், தேவைப்பட்டால் குறைக்கவும் வேண்டும். வாரன்டி உள்ள வண்டியில் கம்பெனி சொன்ன கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது. திடீரென உடையும் பாகத்தின் பெரிய துகள்கள் இந்தச் சோதனையில் சரியாகப் பிடிபடாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் பழக்கம் தொடரட்டும்.

பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு ஆயில் கம்பெனிகளே இந்தச் சோதனையைச் செய்து தருகின்றன. ஒற்றை வண்டி வைத்து, அதையும் தானே ஓட்டுபவர் போய்க் கேட்டால் யார் காதில் விழும்? சங்கம் கேட்டால் விழும். அதனால் கேட்கிறேன்: சங்கப் பெயரில் மொத்தமாகப் பாட்டில் வாங்கி வையுங்கள். மாதம் ஒரு நாள் மாதிரிகளைச் சேர்த்துச் சென்னைக்கு அனுப்புங்கள். ஆய்வுக் கட்டணத்தைச் சங்கமே பேசி முடிக்கட்டும். பெரிய லாரிக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கிறது, அதோடு ஃபில்டர், வண்டி நிற்கும் நேரம். வருடத்தில் ஒரு ஆயில் மாற்று குறைந்தால் மிச்சமாவதையும் ஆய்வுக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் நெடுஞ்சாலை வண்டி ஐந்து, குவாரி டிப்பர் ஐந்து எடுத்துக்கொள்வோம். வரும் அறிக்கைகளை, வண்டி எண்ணை மறைத்துவிட்டு, சங்க அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். மாதிரி எடுக்கும் முறையைப் பட்டறைப் பையன்களுக்குக் காட்டிக்கொடுக்க நான் தயார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு லாரி மெக்கானிக்