கழுத்தால் மூச்சுவிடுபவனின் நன்றி

என்னைக் கரை சேர்த்த அனைவருக்கும் வணக்கம்.

குரல்வளையை முழுவதுமாக எடுத்து, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்து 14 மாதங்கள் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அறுவை சிகிச்சை எத்தனை மணி நேரம் நடந்தது என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

சிஸ்டர், முதல் நன்றி உங்களுக்கு. எட்டாம் நாள் காலை கட்டு மாற்றும்போது, கழுத்தின் இடப்பக்கத்துத் துணி மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து வேறு யாராவது விட்டிருப்பார்கள். நீங்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள், முகர்ந்தீர்கள், இரு விரல்களுக்கிடையே தேய்த்தீர்கள். நூலாக இழுபட்டது. உமிழ்நீர்! மூச்சு மூக்கு வழியே போகாததால் வாசனை அறியும் திறனை நான் இழந்திருந்தேன். என் புண்ணின் நாற்றத்தை எனக்காக நீங்கள்தான் முகர வேண்டியிருந்தது.

உணவுப்பாதையில் போட்ட தையல் ஓரிடத்தில் விட்டு, உமிழ்நீர் தோல் வழியே கசியத் தொடங்கியிருந்தது. முன்பே கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்று டாக்டர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். டாக்டர், நீங்கள் அதை மூடி மறைக்காமல் படம் வரைந்து காட்டியதற்கு நன்றி. அன்றே இரண்டு தையல்களைப் பிரித்து, தேங்கியதை வெளியேற்றி, துணி திணித்துக் கட்டினீர்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது, ஊறும் எச்சிலையும் துப்பிவிட வேண்டும் என்றீர்கள். எச்சில் உள்ளேயே தேங்கி அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாயின் சுவரை அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும், தேவைப்பட்டால் மார்புத் தசையைத் திருப்பி எடுத்து அங்கே மூட வேண்டியிருக்கும் என்பதையும் என் தங்கையிடம் தனியே சொன்னீர்களாம். அவள் எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்துத்தான்.

புண் ஆறாமல் இழுத்தடித்தபோது தைராய்டு சுரப்புக்கு ரத்தப் பரிசோதனை எழுதினீர்கள். அது குறைந்திருந்தது. கழுத்துப் புண்ணுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்று நான் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். சுரப்பு குறைந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும் என்றீர்கள். மூக்குக் குழாய் வழியே போகும் உணவில் புரதத்தை ஒவ்வொரு வேளையும் கணக்குப் பார்த்த உணவியல் நிபுணருக்கும் நன்றி. நான் அவரைப் பலமுறை முறைத்திருக்கிறேன், மன்னிக்கவும். 26 நாட்கள் கழித்து, சாயம் விழுங்கச் செய்து எடுத்த எக்ஸ்ரேயில் கசிவு இல்லை என்று தெரிந்ததும் கொடுத்தார்களே ஒரு மடக்குத் தண்ணீர், அதன் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது.

இரவுப் பணி சிஸ்டரை மறக்க முடியாது. காற்றை ஈரமாக்கிச் சூடாக்கித் தருவது மூக்கின் வேலை. கழுத்துத் துளைக்கு அந்த வசதி இல்லை. வறண்ட காற்று பட்டுச் சளி காய்ந்து ஏடாகிறது. ஒருநாள் பின்னிரவில் என் மூச்சு விசிலடித்தது. கத்திக் கூப்பிடக் குரல் இல்லாத நான் கட்டிலின் கம்பியைத் தட்டினேன். ஓடி வந்தவர் துளையில் சில துளி சலைன் விட்டு, இருமச் சொல்லி, இடுக்கியால் எடுத்தது மரப்பட்டைச் சில்லு போல இருந்தது. மறுநாளே டார்ச்சும் கண்ணாடியும் கொடுத்து என் தங்கைக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். “அண்ணா, நிமிர்ந்து உட்கார்” என்று அவள் டார்ச்சோடு வந்து நிற்காத காலை இல்லை.

அவளுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. வீடு திரும்பிய பிறகு ஒருமுறை மயங்கி விழுந்தேன். கொண்டுபோன வேறொரு மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியை என் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினார்கள். என் மூக்குக்கும் நுரையீரலுக்கும் இப்போது வழியே கிடையாது. தங்கை அதைப் பிடுங்கிக் கழுத்தில் வைத்தாள். அங்கிருந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இப்படி ஒருவரை அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து “நான் கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன்” என்ற அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது.

கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு தலைவாரக்கூடத் தூக்க முடியாமல் போன வலக்கையை, சுவரில் விரல்களால் ஏறச் சொல்லி ஏறச் சொல்லியே மீட்டுத் தந்த இயன்முறை மருத்துவருக்கும் நன்றி.

கடைசியாகப் பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே வைத்த சிறு வால்வையும், துளையை விரலால் மூடி, மூச்சுக் காற்றை அந்த வால்வு வழியே தொண்டைக்குத் திருப்பிப் பேசும் வித்தையையும் தந்தது நீங்கள். தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் வால்வு கசிகிறது, தாமதிக்காமல் வா என்று சொல்லி அனுப்பினீர்கள். அது இரண்டு முறை நடந்தது, இரண்டு முறையும் உடனே வந்தேன்.

உங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கப் போகிறேன். எடுத்ததும் முதலில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். யாரோ என்று வைத்துவிடாதீர்கள். விரலைச் சரியாக வைக்க எனக்குச் சற்று நேரமாகும்.